போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்

(நீலகிரி மலையில், கோத்தகிரி பக்கத்து அரவேணுவில் சிறு தேயிலை விவசாயிகளும் தோட்டத் தொழிலாளர்களும் மகளிர் குழுவினரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்டர்நெட்டைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் புரியும்படி பேச வேண்டும் என்று அழைத்தார்கள். ஆனால் அதோடு சம்பந்தமே இல்லாதவர் என்று இங்கே ஒருவரையும் சொல்ல முடியாது. ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கிறீர்களே, அது சரியா என்று பார்த்துச் சொல்வது இன்டர்நெட். முதியோர் ஓய்வூதியம் பாங்கில் ஏறுவதும், ஊரக வேலைத் திட்டக் கூலி வருவதும் அதன் வழியாகத்தான். இங்கிருந்து கீழே இறங்கிக் குஞ்சப்பனை சோதனைச் சாவடியைப் பாருங்கள். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இணையத்தில் எடுக்கும் இ-பாஸ் வேண்டும். பாஸ் எடுக்காமல் வந்த குடும்பங்கள் அங்கேயே வண்டியை ஓரம் கட்டி, போனில் பெயரையும் வண்டி எண்ணையும் தட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் மாவட்டப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு அது தேவையில்லை. ஆனாலும் நம் மலையின் வாசலிலேயே இன்டர்நெட் வந்து நின்றுவிட்டது.

ஆகவே, பயன்படுத்துகிறோமா இல்லையா என்பதை விட்டுவிடுவோம். நமக்காக அதை இயக்குவது யார்? நான் கேட்க வந்த கேள்வி இதுதான். பாட்டியின் போன் பேரன் கையில். அம்மாவின் ஓ.டி.பி. கடைக்காரர் காதில். விவசாயியின் பட்டா விவரம், பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் அச்செடுத்துத் தருகிறவர் கம்ப்யூட்டரில். இவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் போன் நம்முடையது, கணக்கு நம்முடையது, நிலம் நம்முடையது. பார்க்கும் கண்ணும் நம்முடையதாக இருக்க வேண்டாமா?

முதலில், இது என்ன என்று பார்த்துவிடுவோம். உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர்களும் போன்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒப்புக்கொண்டுள்ள ஏற்பாடுதான் இன்டர்நெட். அதற்கு ஒரு முதலாளி கிடையாது, ஒரு தலைமை அலுவலகமும் கிடையாது. நீங்கள் கொழுந்து படம் ஒன்றை எடுத்துச் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் முழுசாகப் போவதில்லை. சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் மகனின் முகவரியைச் சுமந்துகொண்டு கிளம்புகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் வழியாகவும் போகலாம், கோத்தகிரி வழியாகவும் போகலாம். குன்னூர் பாதையில் மண் சரிந்தால் பஸ்கள் நம் பக்கம் திருப்பிவிடப்படுகின்றன. அதேபோல ஒரு வழி அடைபட்டால் துண்டுகள் வேறு வழியாகப் போய்விடும். போய்ச் சேர்ந்த இடத்தில் வரிசைப்படி ஒட்டிக்கொண்டு மறுபடி படமாகிவிடும். உங்கள் போனிலிருந்து செல்போன் கோபுரம் வரையும், சில இடங்களில் கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரம் வரையும்தான் அது காற்றில் போகிறது. அதற்கப்பால் பெரும்பாலும் மண்ணுக்கடியில் கண்ணாடி இழைக் கேபிள். சென்னைக்குப் போனால் கடலடிக் கேபிள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வங்கக் கடலின் அடியில் அப்படிக் கேபிள்கள் கிடக்கின்றன. செயற்கைக்கோள் வழியாகத்தான் எல்லாம் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி போவது தரைக்கும் கடலுக்கும் அடியில்தான்.

இது தொடங்கிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு ஆய்வு நிலையத்துக் கம்ப்யூட்டருக்கு ‘லாகின்’ என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். எல், ஓ என்ற இரண்டு எழுத்துகள் போனதும் இயந்திரம் நின்றுவிட்டது. பிறகு சரிசெய்து அனுப்பினார்கள். 1971-இல் ரே டாம்லின்சன் என்பவர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பும் முறையைச் செய்தார்; இமெயில் முகவரியின் நடுவில் வரும் அந்தச் சுழித்த குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. இன்று நாம் பார்க்கும் இணையப் பக்கங்கள் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவரின் யோசனை. ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது 1989-இல் அதை எழுதிக் கொடுத்தார். 1993-இல் அந்த ஆய்வுக்கூடம் காசு கேட்காமல் உலகத்துக்கே அதைக் கொடுத்துவிட்டது. அந்த முடிவை நான் மிகப் பெரிய கொடை என்று மதிக்கிறேன். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைப்பு வந்தது 1995 ஆகஸ்டு 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. அப்போது அது பெருநகரங்களில் வசதி படைத்தவர்களின் பொருள். மலைக்கு வந்து, அதுவும் தோட்டத்து லயன் வீடு வரை வருவதற்கு, ஸ்மார்ட்போனும் மலிவான டேட்டாவும் வர வேண்டியிருந்தது.

இனி, நீங்கள் அறிய வேண்டிய சேவைகள். நிறைய இருக்கின்றன, நமக்கு உதவும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, தேடல். கூகுளில் மைக் படம் ஒன்று இருக்கும். அதைத் தொட்டுத் தமிழில் கேளுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பேசினால் எழுதிக்கொள்ளும். ‘தேயிலையில் கொப்புள நோய்க்கு என்ன மருந்து’ என்று கேளுங்கள். ஆனால் வந்த முதல் பதிலை அப்படியே நம்பாதீர்கள். மேலே ‘விளம்பரம்’ அல்லது ‘ஸ்பான்சர்டு’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அது காசு கொடுத்து அங்கே வைத்தது. இப்போதெல்லாம் இயந்திரமே பல இடங்களில் படித்துச் சுருக்கி ஒரு பதிலை மேலே காட்டுகிறது. அதிலும் தவறு வரும். கீழே இறங்கி, சொல்வது தேயிலை வாரியமா, உபாசி ஆராய்ச்சி நிலையமா, மருந்து விற்பவரா என்று பாருங்கள். சொல்பவர் யார் என்று பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. சந்தையில் நாலு பேர் சொன்னால் யார் சொன்னது என்று கேட்கிறோமே, அதை இங்கேயும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, விலை. இங்கே இருக்கும் சிறு விவசாயிகளுக்கு நான் சொல்லவே தேவையில்லை. நீலகிரியில் பசுந்தேயிலைக்கு மாதந்தோறும் தேயிலை வாரியம் ஒரு விலையை அறிவிக்கிறது. குன்னூரில் வாரந்தோறும் ஏலம் நடக்கிறது. அந்த ஏலமே இப்போது கம்ப்யூட்டரில்தான். ஆனால் கொழுந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நம் ஆட்கள் பலர் அந்த விலையை ஏஜென்டு வாயால்தான் கேட்கிறார்கள். வாரியத்தின் இணையப் பக்கத்திலும் நாளிதழ்களின் இணையப் பக்கங்களிலும் அது கிடைக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை நீங்களே பார்த்து, தொழிற்சாலை கொடுத்த பில்லை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கேட்க வேண்டியதைக் கேட்பது உங்கள் பொறுப்பு.

மூன்றாவது, நிலம். தமிழக அரசின் இ-சர்வீசஸ் பக்கத்தில் நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டம், உங்கள் வருவாய்க் கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையுமோ கொடுத்தால், அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது திரையில் வந்துவிடும். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. நம் ஹட்டிக் கிராமங்களில் தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டாக்கள் ஏராளம். உங்கள் பெயர் இருக்கிறதா, பெயர் எழுத்துப் பிழையோடு இருக்கிறதா, தெரியாத பெயர் சேர்ந்திருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். தோட்டத் தொழிலாளர்கள் அதேபோல உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். உமங் என்ற அரசு ஆப்பில், உங்கள் யு.ஏ.என். எண்ணைக் கொண்டு, கம்பெனி எந்த மாதம் எவ்வளவு கட்டியது என்று பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்தார்கள், கணக்கில் கட்டினார்களா என்பது ஓய்வுபெறும் நாளில் தெரிந்து என்ன பயன்? அந்த மாதமே தெரிய வேண்டும்.

நான்காவது, மழை. 2009 நவம்பரில் இந்த மலை சரிந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை கொட்டியது. இன்று வானிலைத் துறையின் எச்சரிக்கை நிறம், மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா என்பது, போனிலேயே வருகிறது. அரசின் டி.என். அலெர்ட் ஆப்பில் தமிழிலேயே பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் யாரோ பழைய வெள்ளப் படத்தைப் போட்டு ‘அவசரம், அனைவருக்கும் பகிரவும்’ என்று அனுப்பினால் பகிராதீர்கள். வானிலைத் துறை சொன்னால் பகிருங்கள்.

ஐந்தாவது, பேச்சும் படமும். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதை எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். ஒன்று மட்டும். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பங்கள் பல இங்கே இருக்கின்றன. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் விட்டு வந்த அக்கா தங்கைக்குக் கடிதம் போட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்தவர்கள் நீங்கள். இன்று முகம் பார்த்துப் பேசுகிறீர்கள். இன்டர்நெட் செய்த நன்மைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இலங்கை என்றதும் ஒரு நல்ல முன்மாதிரியைச் சொல்ல வேண்டும். அங்கே மலையகத்தில், தேயிலை நாட்டிலேயே, கொத்மலை என்ற இடத்தில் ஒரு சமூக வானொலி இயங்கி வந்தது. 1990-களின் கடைசியில், கிராமத்து வீடுகளில் கம்ப்யூட்டரைப் பார்ப்பதே அரிதான காலத்தில், யுனெஸ்கோ உதவியுடன் அந்த வானொலி நிலையத்துக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தார்கள். கேட்பவர்கள் தங்கள் சந்தேகங்களைக் கடிதத்திலும் போனிலும் அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இணையத்தில் தேடி, கிடைத்ததைத் தங்கள் மொழியில் எடுத்துச் சொல்வார்கள். விஷயம் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரிடம் விளக்கம் கேட்பார்கள். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பொதுமக்கள் வந்து பயன்படுத்தக் கம்ப்யூட்டர்களும் வைத்தார்கள். கேள்வி மக்களுடையதாக இருந்தது. அதனால்தான் அந்த முயற்சியை உலகமே பார்க்க வந்தது.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று நடந்தது. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். கிராமத்தில் இடம் கொடுக்க வேண்டியது ஊர். அந்த இடத்துக்குள் எந்தச் சாதிக்காரரும் வரலாம் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். நடத்த வேண்டியது ஊர்க்காரர்கள், அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது ஒன்றுதான்: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பு எல்லோருக்கும் திறந்தே இருந்தது. அதை வில்லியனூரில் தினமும் எடுத்து, தமிழில் பேசிப் பதிவுசெய்து வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒலிபெருக்கியில் அது கரை முழுக்கக் கேட்டது. கட்டுமரத்தைத் தள்ளுவதா வேண்டாமா என்பதை அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். ஒரு வல்லரசின் போர்க்கப்பல்களுக்காகப் போட்ட கணக்கு, கட்டுமரத்துக்குப் பயன்பட்டது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று பக்கத்தில் நல்லவாடு கிராமத்தில் நடந்ததும் பலருக்குத் தெரியும். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்ப் பையன் ஒருவர் சுமத்ராவில் நடந்ததைக் கேள்விப்பட்டு ஊருக்குப் போன் செய்தார். அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே எச்சரிக்கை கொடுத்தார்கள். அலை வருமுன் மக்கள் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் தப்பித்தார்கள்.

இந்த இரண்டையும் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அன்று ஒரு கிராமத்துக்கே ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால் அவர்களிடம் தெளிவான கேள்வி இருந்தது. இன்று அரவேணுவில் வீட்டுக்கு இரண்டு போன் இருக்கிறது. காலையில் எடுத்தால் இரவு வரை அது காட்டியதை நாம் பார்க்கிறோமே தவிர, நாம் அதனிடம் எதுவும் கேட்பதில்லை. ரீல்ஸ் பார்ப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவையும் படுக மொழிப் பாட்டுகளையும் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் யூடியூபில் பார்க்க முடிகிறதே, அது எவ்வளவு பெரிய விஷயம்! பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் தினம் ஒரு கேள்வியாவது கேளுங்கள் என்கிறேன்.

இனி எச்சரிக்கை. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

இணைய முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். திரையின் மேலே இருக்கும். தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு தெரிந்தால் அதை விட்டுவிட்டு, முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரசுப் பக்கம் என்றால் ‘ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.’ என்று அங்கே முடியும். ஏமாற்றுக்காரன் ஜி.ஓ.வி. என்பதை முன்னாலோ நடுவிலோ எங்காவது போட்டு, முடிவில் ‘டாட் காம்’, ‘டாட் எக்ஸ்.ஒய்.இசட்.’ என்று வேறு ஏதாவது வைத்திருப்பான். நம் கண் பழக்கப்பட்ட எழுத்தைப் பார்த்ததும் சரி என்று நினைத்துவிடும். ஆகவே முன்னால் பார்க்காதீர்கள், முடியும் இடத்தைப் பாருங்கள். சில உண்மையான சேவைகளின் முகவரி வேறு மாதிரியும் முடியும். அப்போது அரசின் அறிவிப்பிலோ இ-சேவை மையத்திலோ முகவரியை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வந்த லிங்கைத் தொட்டுப் போகாதீர்கள்.

பாங்கின் போன் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்களை அங்கே போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். உங்கள் ஏ.டி.எம். கார்டின் பின்புறம் எண் அச்சிட்டிருக்கிறது. அதுதான் எண்.

கூகுள் பே, போன்பே இவையெல்லாம் 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையில் ஓடுகின்றன. அதன் ரகசிய எண், அந்த நாலு அல்லது ஆறு இலக்க பின், பணம் கொடுப்பதற்கும் கணக்கில் இருப்பைப் பார்ப்பதற்கும்தான். பணம் வாங்குவதற்கு பின் போட வேண்டியதே இல்லை. ‘உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறோம், பின் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒருவன் சொன்னால், அந்த நொடியே போனை வையுங்கள். பின் போட்டால் போவது உங்கள் பணம்.

போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து ‘உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்பார்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று சொன்னாலே அவன் திருடன்; உடனே பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல் ‘ஏ.பி.கே.’ என்று முடிந்தால் தொடாதீர்கள். அது பத்திரிகை இல்லை, போனுக்குள் நுழையும் ஆப்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். படித்தவர்களும் அதிகாரிகளும் ஏமாந்திருக்கிறார்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு, பணம் கணக்கு மாறிப் போவதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

ஆங்கிலம் தெரியாது என்பதற்காகத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்டர்நெட்டில் தமிழ் தானாக வந்துவிடவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் 1990-களில் தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பாடுபட்டார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, உலகெங்கும் உள்ள தமிழர்கள் தம் ஓய்வு நேரத்தில் திருக்குறள் முதல் எத்தனையோ நூல்களைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாக வைத்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. காசு வாங்காமல் இவ்வளவு பேர் உழைத்தது, தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் தன் மொழியிலேயே இதைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக. அந்த ஒருவர் நீங்கள்தான்.

கடைசியாக, பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளுக்கு. உங்களிடம்தான் எனக்குப் பெரிய வேண்டுகோள். அம்மாவோ தாத்தாவோ ‘இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடு’ என்றால், போனை வாங்கி இரண்டு நொடியில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். உங்களுக்கு அது வேகம். அவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. நாளைக்கும் உங்களையே தேடுவார், நீங்கள் கோவையிலோ பெங்களூரிலோ இருப்பீர்கள். அதனால் போனை வாங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ‘இங்கே தொடுங்கள் பாட்டி’ என்று சொல்லி அவர் விரலாலேயே தொட விடுங்கள். தப்பாகத் தொட்டால் திரும்பி வரும் அம்புக்குறியைக் காட்டுங்கள். கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரலுக்குத் திரை சில சமயம் கேட்காது. அவசரப்படாதீர்கள், இன்னொரு முறை தொடச் சொல்லுங்கள். மூன்று நாள் அதையே செய்தால் நான்காம் நாள் அவரே செய்வார்.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். 1930 என்பதைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். பிறகு உங்கள் பட்டாவையோ பி.எஃப். கணக்கையோ, எது உங்களுக்கு உரியதோ அதை, உங்கள் விரலாலேயே திறந்து பாருங்கள். எங்கே தடுக்கியது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளிடமோ இ-சேவை மையத்திலோ தயங்காமல் கேளுங்கள். போனை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.